ஐஎஸ்ஓ லோகோவை இலவசமாகத் தருகிறார்களா? அச்சடிக்கக் கொடுக்கும் முன் படியுங்கள்

சிறு பட்டறைகளுக்கு ஐஎஸ்ஓ சான்றிதழ் விற்கும் ஏஜெண்டுகளின் பேச்சு எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். "ஜிஎஸ்டி சர்டிபிகேட் மட்டும் அனுப்புங்க சார், மூணு நாள்ல வந்துடும். ஆடிட் கிடையாது, லோகோ ஃப்ரீ." பணம் போனதும் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வரும். கூடவே, உலக உருண்டைக் கோடுகளோடு ஐஎஸ்ஓ என்று எழுதிய படம், அச்சுக்குத் தயாராக. அது லெட்டர்ஹெட்டில் ஏறும், அட்டைப்பெட்டியில் ஏறும், மோட்டார் நேம் பிளேட்டிலும் ஏறும். டெண்டரில் சான்றிதழ் செல்லாது என்று தள்ளும்போதுதான் ஏமாந்தது தெரிகிறது.

அந்த இலவச லோகோவே மோசடிக்கு முதல் அடையாளம். ஜெனீவாவில் உள்ள ஐஎஸ்ஓ அமைப்பு தரநிலைகளை எழுதி வெளியிடுவதோடு சரி. யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. அதன் லோகோ பதிவு பெற்ற வணிகச் சின்னம். சான்று வாங்கிய கம்பெனியும் அதைப் போடக்கூடாது, சான்று கொடுத்த நிறுவனமும் போடக்கூடாது. நிறத்தை மாற்றி, எழுத்தை வளைத்துப் போட்டாலும் தப்புதான். லோகோவைக் கையில் திணிப்பவருக்கு இந்த அடிப்படை விதி தெரியாது, அல்லது தெரிந்தே விற்கிறார். இரண்டில் எதுவானாலும் அவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஐஎஸ்ஓ 9001 என்பது தர மேலாண்மை முறைக்கான தரநிலை. அதற்கு உண்மையான சான்று என்றால் ஆடிட் இரண்டு கட்டமாக நடக்கும். ஆள் எண்ணிக்கையை வைத்து நாள் கணக்கும் உண்டு: 5 பேர் வரை ஒன்றரை ஆடிட்டர் நாள் (ஒரு ஆடிட்டரின் ஒரு நாள் வேலை என்ற கணக்கு), 6 முதல் 10 பேருக்கு 2, 16 முதல் 25 பேருக்கு 3. தொழிலைப் பொறுத்து இது கூடும், குறையும். சான்று 3 ஆண்டு செல்லும், இடையில் வருடாவருடம் கண்காணிப்பு ஆடிட் வரும். சான்று தரும் நிறுவனமே "மேனுவலையும் நாங்களே எழுதித் தர்றோம்" என்றால் விலகிவிடுங்கள். ஆலோசனையும் சான்றும் ஒரே கையில் இருக்கக்கூடாது என்பது சான்று நிறுவனங்களுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஇசி 17021-1 விதி.

சான்றிதழில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, பச்சை டிக் வந்ததும் நிம்மதி அடைகிறார்கள். போலிச் சான்றிதழில் அந்தக் கோடு விற்றவரின் இணையதளத்துக்கே போகும்; அங்கே டிக் வராமல் வேறென்ன வரும்? பார்க்க வேண்டியது, சான்று நிறுவனத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது யார் என்பதை. இந்தியாவில் அது குவாலிட்டி கவுன்சில் ஆஃப் இந்தியாவின் கீழ் இயங்கும் என்ஏபிசிபி. அதன் தளத்தை நீங்களே டைப் செய்து திறந்து, பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. 9001-க்கும் உங்கள் தொழில் பிரிவுக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சான்றிதழின் ஸ்கோப் வரியையும், அதாவது எந்தத் தொழிலுக்குச் சான்று என்று சொல்லும் வரியையும் படியுங்கள். பம்ப் தயாரிப்பவருக்கு "டிரேடிங்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அது உதவாது.

சான்று உண்மையாகவே இருந்தாலும் கட்டுப்பாடு உண்டு. சான்று பெற்றது உங்கள் தர மேலாண்மை முறை, பம்ப் அல்ல. அதனால் சான்று நிறுவனத்தின் முத்திரையைப் பொருளிலும் பேக்கிங்கிலும் போட முடியாது. அட்டைப்பெட்டியில் ஒரு வாசகம் மட்டும் போடலாம்: கம்பெனி பெயர், "தர மேலாண்மை முறை ஐஎஸ்ஓ 9001:2015-படி சான்று பெற்றது", சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயர். மூன்றும் இருக்க வேண்டும். நேம் பிளேட்டில் இந்த வாசகமும் கூடாது, ஏனென்றால் பிளேட்டைப் பொருளின் பகுதியாகத்தான் விதி கணக்கில் எடுக்கிறது. எட்சிங் செய்த பிளேட்டில் உள்ளதை அழிக்க வழியில்லை, மொத்தமும் ஸ்கிராப்தான். (ஐஎஸ்ஐ முத்திரை வேறு கதை. அது பொருளுக்கான உரிமம், பிளேட்டில் சிஎம்/எல் என்ற உரிம எண்ணோடு வரும். அதைக் கொடுக்கும் பிஐஎஸ் அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் சரிபார்க்கலாம்.)

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் லோகோ உள்ள சரக்கை வெளியே அனுப்புவதை நிறுத்துங்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வாட்ஸ்அப் பேச்சு, பிடிஎஃப், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். அங்கீகாரம் உள்ள நிறுவனமே ஆடிட் இல்லாமல் சான்று கொடுத்திருந்தால் முதலில் அவர்களுக்கு எழுத்தில் புகார், பதில் சரியில்லை என்றால் என்ஏபிசிபிக்கு. பெட்டியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கலாம். வெப்சைட், விசிட்டிங் கார்டு, கேட்டலாக் எல்லாவற்றிலும் லோகோவை எடுத்துவிட்டு, பில்லிங் சாஃப்ட்வேரில் உள்ள இன்வாய்ஸ் டெம்ப்ளேட்டையும் திறந்து பாருங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.