தெருமுனை டீக்கடையும் அதன் கரும்பலகையும்

மதுரை செல்லூரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் டீக்கடைக்குப் பெயர் எழுதிய பலகை கிடையாது. கேட்டால் ‘போர்டு கடை’ என்பார்கள். வாசலில் தெருவைப் பார்த்துத் தொங்கும் மூன்றடிக்கு இரண்டடிக் கரும்பலகைதான் காரணம். எங்கள் நாலு தெருவுக்கு அன்றைக்குத் தெரிய வேண்டியது எல்லாம் சாக்பீஸில் அதில் இருக்கும். நாலு வருஷமாகத் தினமும் காலையில் அதைப் படிக்கிறேன். டீ, வடை பற்றியும் சொல்கிறேன், ஆனால் இந்த விமர்சனம் முக்கியமாக அந்தப் பலகைக்குத்தான்.

போன வாரம் ஒரு நாள் அதில் இருந்ததை அப்படியே என் தையல் அளவு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்.

‘கரண்ட் கிடையாது 10 – 5. நம்ம தெரு, பின் தெரு ரெண்டும் இதுல உண்டு. சொன்னது: லைன்மேன்.
தண்ணி நாளைக்குத்தான்.
கேதம்: மூணாவது சந்து தறிக்கார தாத்தா. எடுக்கிறது சாயங்காலம் 4, தத்தனேரி. சொன்னது: மகன்.
ரேஷன்ல பாமாயில் வந்திருச்சு. பார்த்தது: நான்.
திருவாப்புடையார் கோயில் பிரதோஷம் 4.30.
எழுதுன நேரம் காலை 5.10.’

அவ்வளவுதான். கேதம் என்றால் எங்கள் பக்கம் சாவு, தத்தனேரி சுடுகாடு. தண்ணி, கோயில் வரிகளைத் தவிர, ‘சொன்னது’, ‘பார்த்தது’ என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பலகையை நம்புகிறேன். யாரோ சொன்னார்களாம் என்று அதில் எதுவும் வராது. சொன்ன ஆள் யார் என்று போட முடியாவிட்டால் அந்தச் சேதியைக் கடைக்கார அண்ணன் எழுதுவதில்லை.

நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். மோட்டார் மெஷின், ஓவர்லாக், அயர்ன் பாக்ஸ் மூன்றும் கரண்ட் இருந்தால்தான் ஓடும். மின்தடை அறிவிப்பு பேப்பரிலும் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. துணைமின் நிலையத்தின் பெயர், அதற்குக் கீழே பத்துப் பதினைந்து இடங்களின் பெயர், கடைசியில் ‘அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்’. அந்தக் கடைசி வார்த்தைக்குள் என் வீடு வருமா வராதா என்பது பத்து மணிக்கு ஃபேன் நின்றால்தான் தெரியும். ‘நம்ம தெரு இதுல உண்டு’ என்று காலை ஐந்தே காலுக்குப் பார்த்துவிட்டால், அன்றைக்கு வெட்டுகிற வேலையை மதியத்துக்கு ஒதுக்கிவிட்டு, ஓடுகிற தையலை எல்லாம் வெள்ளன முடித்துவிடுவேன். ஹூக், காஜா, சேலை ஓரம் எல்லாம் கைவேலைதானே, கரண்ட் இல்லாத நேரத்துக்கு அவை போதும்.

பேப்பரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தினத்தந்தி 1942-ல் தொடங்கியதே இந்த ஊரில்தான். டீக்கடையில் ஒருத்தர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆனால் மதுரை மாநகராட்சியில் நூறு வார்டு இருக்கிறது. ஒரு வார்டின் ஒரு சந்தில் தண்ணீர் வரவில்லை என்பதற்குப் பேப்பரில் எப்படி இடம் கிடைக்கும்? அந்தச் சந்துக்காரர்களுக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய சேதி வேறு எதுவும் இல்லை.

பலகை ஆரம்பித்தது கொரோனா காலத்தில். 2020 ஜூன் 24-ஆம் தேதி மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு போட்டார்கள். கடையைத் திறக்க முடியாது. எந்தத் தெருவில் தகரம் அடித்திருக்கிறது, காய்கறி வண்டி எப்போது வரும், எந்த மருந்துக் கடை திறந்திருக்கிறது என்று ஆளாளுக்கு அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட ஒரு பலகையை வாங்கி வந்து, ஷட்டர் மேல் தொங்கவிட்டு எழுத ஆரம்பித்தார். கடை திறந்த பிறகு அதை உள்ளே, பாய்லருக்கு மேலே மாட்டிவிட்டார். எங்கள் பக்கம் டீக்கடைக்குள் போய் நின்று பொம்பளைகள் எதையும் படிப்பதில்லை. எட்டிப் பார்த்துக்கொண்டே நடப்போம், பாதி புரியும், பாதி புரியாது. ஒரு நாள் பார்த்தால் பலகை வெளித்தூணில், தெருவைப் பார்த்து இருக்கிறது. பிறகு ஒருதடவை அதைப் பற்றிக் கேட்டேன். ‘நீங்க எல்லாம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துட்டுப் போனீங்க தங்கச்சி, எனக்கே சங்கடமா இருந்துச்சு, அதான் திருப்பி மாட்டிட்டேன்’ என்றார். யாரும் கேட்காமலே அவராகச் செய்தது அது. இப்போது குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும் வழியில், எந்தப் பெண்ணும் நின்று படிக்கலாம்.

நான் இதைத் தினமும் படிக்க ஆரம்பித்தது ஒரு கேதத்துக்குப் பிறகு. பின் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து, நான் மெஷின் போட்டபோது முதல் ஜாக்கெட் துணி கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். ‘கையைக் கொஞ்சம் லூசா வையி தாயி, எனக்கு வீக்கம் இருக்கு’ என்றார். அதிலிருந்து அவருக்கு நான்தான் தைத்தேன். ஒரு தீபாவளி நெருக்கத்தில் ரெண்டு நாள் வாசலுக்கே வராமல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அவர் மருமகள் வந்து நின்றார். தைக்கக் கொடுத்திருந்ததைக் கேட்கவில்லை, சும்மா நின்றார். அப்போதுதான் தெரிந்தது. கொட்டு அடித்திருக்கிறார்கள், நீர்மாலைக்குப் போயிருக்கிறார்கள், மெஷின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணம் என்றால் பத்து நாள் கழித்துக்கூட வீட்டுக்குப் போய்ச் செய்முறையைச் செய்துவிடலாம். இதற்கு என்ன செய்ய? பலகையில் ரெண்டு நாளும் எழுதியிருந்ததாம். அந்த மாம்பழக் கலர் ஜாக்கெட் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.

2024 அக்டோபர் 25 எங்கள் ஏரியாவில் யாருக்கும் மறக்காது. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பிடித்த மழை. செல்லூர் கண்மாய்த் தண்ணீரும் பந்தல்குடி வாய்க்கால் தண்ணீரும் தெருக்களுக்குள் வந்துவிட்டன. எங்கள் வீட்டுப் படி வரைக்கும் ஏறியது. துணி மூட்டைகளைக் கட்டில் மேலே தூக்கிப் போட்டேன். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் குறைந்துகொண்டே வருகிறது, மகன் டியூஷன் முடிந்து வரவில்லை. போனில் ஆளுக்கு ஒரு குரல் பதிவு, கரை உடைந்துவிட்டது என்று ஒன்று, இல்லை என்று இன்னொன்று. அண்ணன் பலகையைக் கழற்றிச் சாய்ப்புக்குள் வைத்து, எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் மணி போட்டு எழுதினார். ஆறு மணிக்கு எந்தெந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர். ஏழேகாலுக்கு எந்தச் சந்தில் மின்கம்பம் பக்கம் போகக் கூடாது. ஒன்பது மணிக்கு எங்கே சாப்பாடு கொடுக்கிறார்கள். கரை உடைந்ததை ஏன் எழுதவில்லை என்று ஒருத்தர் சத்தம் போட்டார். ‘பார்த்துட்டு வந்தவுங்க ஒருத்தரைக் காட்டுங்க, உடனே எழுதுறேன்’ என்றார் அண்ணன். மேலே மூலையில், ‘டியூஷன் பிள்ளைங்க ஏழு பேர் மேட்டுத் தெரு மாடி வீட்ல பத்திரமா இருக்காங்க. பார்த்தது: பால்காரர்’ என்று இருந்தது. என் பையன் அந்த ஏழு பேரில் ஒருத்தன்.

தப்பு வராமல் இல்லை. ஒருதடவை தண்ணீர் வருகிற நாளை மாற்றி எழுதிவிட்டார். பாதித் தெரு குடத்தோடு காத்திருந்தது. மறுநாள் அந்த வரியை அழிக்காமல், அதன் மேல் ஒரு கோடு போட்டு, ‘நேத்து நான் தப்பா எழுதிட்டேன், தண்ணி இன்னைக்கு’ என்று பக்கத்தில் எழுதியிருந்தார். அந்தக் கோடு ரெண்டு நாள் பலகையில் கிடந்தது.

எழுதாமல் விடுவதிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. கட்சிச் சேதி வராது, ஆனால் வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பது வரும். சீட்டு, வட்டி, பிளாட் விற்பனை கிடையாது. ஒரு டியூஷன் சென்டர்காரர் மாசம் ஐந்நூறு ரூபாய் தருகிறேன், மேலே என் பேரை எழுதுங்கள் என்று கேட்டபோது, முடியாது என்று அண்ணன் அனுப்பிவிட்டார். எங்கள் தெருப் பையன் ஒருவனைப் போலீஸ் கூட்டிப் போனபோது, கடையில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. பலகையில் ஒரு எழுத்துகூட இல்லை. அந்தப் பையனின் அம்மா அன்றைக்கும் அந்த வழியாகத்தான் பூ விற்கப் போனார்.

சித்திரைத் திருவிழாச் சமயம்தான் பலகை முழுசும் நிறையும். அழகர் ஆற்றில் இறங்குவதை டிவியில் பார்த்துக்கொள்ளலாம், அதற்குப் பலகை வேண்டாம். ஆனால் ஆழ்வார்புரத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு எந்த வழி அடைத்திருக்கிறது, எங்கே நீர்மோர்ப் பந்தல், ராமராயர் மண்டபத்துக்கு எப்போது போனால் பிள்ளைகளோடு நிற்க முடியும் என்பதெல்லாம் இதில்தான் கிடைக்கும். அழகர் மேல் தண்ணீர் பீச்சுகிறவர்கள் பிரஷர் பம்ப் கொண்டுபோகக் கூடாது, தோல் பையில்தான் பீச்ச வேண்டும் என்பதையும் எழுதிப் போட்டிருந்தார். அந்த வாரம் சின்னப் பிள்ளைகளுக்கு அழகர் உடுப்பு தைக்கச் சொல்லி என்னிடமும் நாலைந்து பேர் வருவார்கள். அந்த உடுப்புக்குப் பேர்போன புதுமண்டபத்துத் தையல் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு, எங்கே போவது என்று தெரியாமல் சுற்றியவர்களுக்கும் பலகை வழி சொன்னது.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது அது செய்த உதவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். படிவத்தில் பழைய பட்டியல் விவரம் கேட்டார்கள். என்னைப் போல அதில் பெயர் இல்லாத, வேறு ஊரிலிருந்து வாழ வந்த பெண்களுக்கு அம்மா அப்பாவின் பாகம் எண், வரிசை எண் வேண்டும். பூத் அலுவலர் எங்கள் தெருவுக்கு எந்த நாள், எந்தத் திண்ணையில் உட்காருகிறார் என்பது பலகையில் வந்தது. கீழேயே, ‘பழைய லிஸ்ட் தேடத் தெரியாதவங்க சாயங்காலம் 6 மணிக்குக் கடைக்கு வாங்க, காலேஜ் பிள்ளைங்க பார்த்துக் குடுப்பாங்க’ என்று எழுதியிருந்தார். எனக்கு உசிலம்பட்டிப் பக்கத்தில் என் அப்பா பெயரைத் தேடி எடுத்துக் கொடுத்தது ஒரு பி.காம் படிக்கிற பெண். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். மதியத்துக்கு மேல் புதிதாக எதுவும் எழுதுவதில்லை, மழை வெள்ளம் மாதிரி இருந்தால்தான் உண்டு. பத்து மணிக்கு மேல் நேர் வெயில் அடித்து எழுத்து மங்கிவிடுகிறது, பக்கத்தில் போனால்தான் தெரியும். ராத்திரி கபடி மேட்ச் என்றால் பாதிப் பலகையை அதுவே எடுத்துக்கொள்கிறது. ரவுண்டானாவிலேயே கபடி வீரர்களுக்குச் சிலை வைத்த ஊர், அந்த ஆசை புரிகிறது. ஆனால் தமுக்கத்தில் புத்தகக் கண்காட்சி போட்டபோது அதைக் கீழ் மூலையில், மூன்றாம் நாள்தான் எழுதினார். நத்தம் ரோடு கலைஞர் நூலகத்தில் பிள்ளைகளுக்கு நடக்கிற நிகழ்ச்சிகளுக்கும் இதே கதிதான். இதை நேரில் சொன்னேன். ‘நீங்க வந்து சொல்லுங்க தங்கச்சி, நான் எழுதுறேன்’ என்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதை வெள்ளிக்கிழமையே நான் போய்ச் சொல்லிவிடுகிறேன். ‘சொன்னது: டெய்லரக்கா’ என்று வருகிறது. அப்புறம், பெண்கள் உட்கார ஒரு பெஞ்சு வெளியே போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

டீ பதினைந்து ரூபாய். பால் நன்றாக இருக்கும், சீனி எப்போதும் ஒரு கரண்டி கூடுதல், ‘சீனி கம்மி’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆமவடை காலை ஏழு மணிக்குள் என்றால் மொறுமொறுவென்று இருக்கும், அதற்குப் பிறகு வாங்காதீர்கள். சாயங்காலம் போடும் பருத்திப்பால்தான் இந்தக் கடையில் சாப்பிட வேண்டியது. பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டி, சுக்கு போட்டு, மேலே தேங்காய்ப்பூ தூவித் தருவார். தொண்டை கட்டியிருக்கும் நாளில் தூக்குவாளி கொடுத்து வாங்கி வரச் சொல்வேன்.

காலை ஐந்தேகாலிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் படிக்க நல்ல நேரம். உங்கள் வீட்டு விசேஷமோ கேதமோ பலகையில் வர வேண்டும் என்றால் முந்தின நாள் ராத்திரி ஒன்பதுக்குள் போய்ச் சொல்ல வேண்டும், காசு கிடையாது. வேறு ஆளை அனுப்பினால் எழுத மாட்டார், வீட்டு ஆள்தான் போக வேண்டும்.