வெடிப்பு அபாயப் பகுதிக்கு எந்தக் கப்ளிங்? பழுதாகும் விதத்தை வைத்து ஓர் ஒப்பீடு

கேட்லாக்கைப் புரட்டினால் கப்ளிங்குகளை (மோட்டார் ஷாஃப்டையும் பம்பு ஷாஃப்டையும் இணைக்கும் பாகம்) ஒப்பிட நாலு விஷயங்கள் கிடைக்கும்: எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) தாங்கும், அலைன்மென்ட் பிசகை (இரண்டு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாததை) எவ்வளவு பொறுக்கும், என்ன விலை, எத்தனை நாள் உழைக்கும். கரைப்பான் ஆவியோ எரியும் தூசியோ சூழக்கூடிய இடத்தில் ஐந்தாவதாக ஒரு கேள்வி உண்டு. அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் மற்ற நாலும். இந்தக் கப்ளிங் பழுதாகும்போது எது எதோடு உரசும், என்ன வேகத்தில், யாரும் கவனிப்பதற்கு முன் எவ்வளவு நேரம்?

வேகத்தைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மின்சாரமல்லாத சாதனங்களுக்கான ஐஎஸ்ஓ 80079-36, 80079-37 தரநிலைகளில் (இரண்டும் 2016) நொடிக்கு 1 மீட்டர் என்ற எல்லை திரும்பத் திரும்ப வரும். அதற்குக் கீழான வேகத்தில் உரசினால் தீப்பற்றும் அளவுக்குப் பொறியோ சூடோ எழும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு. கப்ளிங்குக்கு இந்த எல்லை எவ்வளவு சின்னது என்று பாருங்கள். 1480 ஆர்பிஎம்மில் 13 மி.மீ. விட்டமுள்ள கம்பியின் மேற்பரப்பே அதைத் தொட்டுவிடும். 160 மி.மீ. ஹப் (ஷாஃப்டில் மாட்டும் கப்ளிங்கின் பாதி) 2960 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்குக் கிட்டத்தட்ட 25 மீட்டர் ஓடுகிறது. ஆகவே சுற்றும் பாகம் நிற்கும் பாகத்தில் உரசினாலே அதைத் தீப்பொறி மூலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பெயர்த்தகடு

ஏடெக்ஸ் (வெடிப்புச் சூழல் சாதனங்களுக்கான ஐரோப்பிய விதி) முறையில் வரும் கப்ளிங்கில் 'ஐஐ 2ஜி, எக்ஸ் எச், ஐஐசி, டி4, ஜிபி' என்ற வரிசையில் குறி இருக்கும். 2ஜி என்றால் வாயு மண்டலம் 1-க்கும் (வெடிக்கும் ஆவி இயல்பான ஓட்டத்திலேயே வந்துபோகக்கூடிய இடம்) 2-க்கும் (அரிதாக மட்டும் வரக்கூடிய இடம்) பொருந்தும். டி4 என்றால் மேற்பரப்புச் சூடு 135 டிகிரியைத் தாண்டாது. ஐஐசி என்பது ஹைட்ரஜன், அசிட்டிலீன் சேரும், மிகச் சிறு பொறியிலேயே பற்றும் வாயுத் தொகுதி; ஐஐபி அதற்கு அடுத்தபடி. வாயுத் தொகுதியும் வெப்ப வகுப்பும் வேறு வேறு சங்கதிகள். ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்கக் கூடாது. ஹைட்ரஜன் தானாகப் பற்ற ஏறத்தாழ 560 டிகிரி வேண்டும், வெப்ப வகுப்பில் அது மிக எளிதான டி1. ஆனால் 0.02 மில்லிஜூலுக்கும் குறைவான பொறி அதற்குப் போதும். டைஎத்தில் ஈதர் இதற்கு நேர்மாறு: தொகுதி ஐஐபி, வகுப்பு டி4. முதலாவதில் பொறிக்கு அஞ்ச வேண்டும், இரண்டாவதில் சூட்டுக்கு.

சான்றிதழ் எண்ணின் வாலில் தனியாக எக்ஸ் (X) என்ற எழுத்து இருந்தால் சிறப்பு நிபந்தனை உண்டு என்று பொருள். கையேட்டைத் திறந்து அதைப் படித்த பிறகே கப்ளிங்கைப் பெட்டியிலிருந்து எடுங்கள்.

ஸ்பைடர் வைத்த ஜா கப்ளிங்

சின்ன, நடுத்தர பம்புகளில் அதிகம் காணப்படுவது இதுதான். இரண்டு ஹப்புகளின் பற்களுக்கு நடுவே பாலியூரித்தேன் ஸ்பைடர் (நட்சத்திர வடிவ ரப்பர் மெத்தை). கிரீஸ் வேண்டாம், பொருத்துவது எளிது, அதிர்வை நன்றாக உள்வாங்கும். ஸ்பைடர் பற்களுக்குள் ஒளிந்திருப்பதால் வெளியே தெரியும் ரப்பர்ப் பரப்பும் குறைவு. நிலைமின்னூட்டக் கணக்கில் இது நல்ல விஷயம். மண்டலம் 1-இல் மின்கடத்தாப் பரப்புக்கு ஐஐசியில் 20 சதுர செ.மீ., ஐஐபியில் 100 சதுர செ.மீ. என்பதே வழக்கமான உச்சவரம்பு.

குறை எங்கே? ஸ்பைடர் தேய்ந்து தூளானாலும் பம்பு நிற்காது. ஒரு ஹப்பின் பல் மற்றதன் பல்லை நேராகத் தள்ளும். சாதாரண ஆலையில் இதை 'ஃபெயில் சேஃப்' என்று மெச்சுவார்கள். ஆவி சூழும் இடத்தில் அதே குணம்தான் பகை: இரும்பு இரும்போடு மோதிக்கொண்டே இருக்க, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக ஓடுவதாகத் தோன்றும். பற்கள் அறுந்துவிட்டால் இரண்டு ஹப்புகளும் முழு வேக வித்தியாசத்தில் ஒன்றோடொன்று அரைபடும்.

கப்ளிங் தேர்வில் அடிக்கடி நடக்கும் தவறு சூட்டுக் காரணியை (சூட்டுக்காக டார்க்கைப் பெருக்க வேண்டிய எண்) விட்டுவிடுவது. 55 கிலோவாட், 1480 ஆர்பிஎம் மோட்டாரின் டார்க் 9550 × 55 ÷ 1480, அதாவது 355 நியூட்டன் மீட்டர். சூடான பம்பை ஒட்டி ஸ்பைடரைச் சுற்றி 60 டிகிரி இருந்தால் கேட்லாக்குகள் வழக்கமாகக் கேட்கும் காரணி 1.4, 80 டிகிரிக்கு 1.8. அதிர்வுக் காரணியை 1.5 என்று கொண்டால் தேவை 745-க்குப் போய்விடுகிறது. 400 தாங்கும் ஸ்பைடரை மாட்டினால் அது முதலில் நடுவில்தான் உருகும். பாலியூரித்தேன் வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும்; உள்ளே கூழாகிக்கொண்டிருக்கும்போது வெளித்தோலை அளக்கும் கருவி நல்ல எண்ணையே காட்டும்.

கழற்றிய ஸ்பைடரைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். பல்லின் ஓரத்தில் பளபளப்பும் ஸ்பைடரின் நிறத்திலேயே கீழே தூளும் இருந்தால் அலைன்மென்ட் சரியில்லை. நடுப்பகுதி உப்பி, அறுத்தால் நுரை நுரையாக இருந்தால் முறுக்கு அதிர்வு. விரல் நகம் பதியும் அளவுக்கு இளகிப் பிசுபிசுத்தால் கரைப்பானோ சுடுநீராவியோ தாக்கியிருக்கிறது. அதே வகையை மறுபடி மாட்டிப் பயனில்லை. செம்பழுப்புத் தூள் என்றால் ஸ்பைடரை விட்டுவிட்டுக் கீயையும் (ஹப்பை ஷாஃப்டோடு பூட்டும் ஆப்பு) ஹப்பின் துளையையும் பாருங்கள், அங்கே இரும்பு ஆடிக்கொண்டிருக்கிறது.

கீ இல்லாமல் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஹப் ஷாஃப்டில் வழுக்கினால் சூடேறும். இத்தகைய ஹப்பை மண்டலம் 2-க்கான வகை 3-க்கு மட்டும் அனுமதிக்கும் கையேடுகள் உண்டு. அலுமினிய ஹப்பில் மெக்னீசியம் முதலிய இலேசான உலோகங்கள் 7.5 சதவீதத்துக்கு மேல் கூடாது. அளவு சரியாக இருந்தாலும் துருப்பிடித்த இரும்புக் கார்டின் (கப்ளிங்கை மூடும் பாதுகாப்புக் கூண்டு) அருகில் அலுமினியம் வேண்டாம். துருவும் அலுமினியமும் மோதும்போது எழும் தெர்மைட் பொறி சாதாரணப் பொறியைவிட எத்தனையோ மடங்கு சூடானது.

பின் புஷ்

ஜா கப்ளிங்கின் அதே குறை, இன்னும் கூர்மையாக. ஒரு ஃபிளாஞ்சின் (விளிம்புத் தட்டு) எஃகுப் பின்கள் ரப்பர் புஷ் (உறை) போட்டு மற்ற ஃபிளாஞ்சின் துளைக்குள் நிற்கும். புஷ் தேய்ந்ததும் பின் அந்தத் துளையை நேரே அடிக்கும். எட்டுப் பின்களில் இரண்டின் புஷ் மட்டும் போயிருந்தால் சத்தத்தில் கண்டுபிடிப்பது கடினம். மாற்றும்போது தேய்ந்த புஷ்ஷை மட்டும் மாற்றினால் புதியவையே சுமை முழுவதையும் வாங்கிச் சீக்கிரம் போகும். எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய இடத்துக்கு இதைத் தேர்வு செய்ய எங்களுக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

டயர் கப்ளிங்

இரண்டு ஃபிளாஞ்சுகளை ஒரு ரப்பர் டயர் இணைக்கும். அது கிழிந்தால் இரண்டும் தனித்தனியாகிவிடும். நடுவில் இடைவெளி இருப்பதால் உலோகம் உலோகத்தைத் தொடாது. மோட்டார் சும்மா சுற்றும், பம்பு நிற்கும். பழுதாகும் விதத்தை மட்டும் பார்த்தால் ரப்பர் வகைகளில் இதுவே நல்லது. ஆனால் பம்பு திடீரென நிற்பதே ஆபத்தாகும் இடங்கள் உண்டு. ரியாக்டரைக் குளிர்விக்கும் சுழற்சி பம்பு அப்படிப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ரப்பரின் வகை. சாதாரண இயற்கை ரப்பர் டயர் 50 டிகிரி வரைதான். அபாயப் பகுதிக்குத் தீ தாங்கும், நிலைமின்னூட்டம் தேங்காத குளோரோபிரீன் டயர் வேண்டும்; அதன் வரம்பு மைனஸ் 15 முதல் 70 டிகிரி. இரண்டும் கறுப்பு, தூரத்திலிருந்து ஒன்றுபோலவே இருக்கும். ஸ்டோரிலிருந்து எடுக்கும்போது டயரின் மேல் வார்த்திருக்கும் குறியைப் படித்துத்தான் மாட்ட வேண்டும். கிளாம்ப் திருகுகளைக் கையேட்டு டார்க்குக்கு முறுக்கியதும் ரப்பர் சற்று அமுங்கிக்கொடுக்கும். ஒரு சுற்று முடித்து மறுபடி முதல் திருகுக்கு வந்தால் அது தளர்ந்திருப்பதைக் காணலாம். எந்தத் திருகும் நகராத வரை சுற்றி வாருங்கள்.

டிஸ்க் கப்ளிங்

மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடுகளை அடுக்கிய பேக் இரண்டு, நடுவில் ஸ்பேசர் (இரண்டு ஹப்புகளுக்கு இடையே வரும் இணைப்புத் துண்டு). தேய்வதற்கு எதுவும் இல்லை, கிரீஸ் இல்லை, ரப்பர் இல்லை. அலைன்மென்ட் வரம்புக்குள் இருந்தால் தகடுகளுக்குச் சோர்வு ஆயுள் என்று ஒன்றே கிடையாது. எண்ணெய், வாயுத் துறைப் பம்புகளுக்கான ஏபிஐ 610 தரநிலை குறைந்தது 125 மி.மீ. ஸ்பேசர் கேட்கிறது, மோட்டாரை நகர்த்தாமலே மெக்கானிக்கல் சீலை மாற்ற அந்த இடைவெளி உதவும்.

இதன் பெரிய பலம் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிவதுதான். அலைன்மென்ட் பிசகால் வரும் விரிசல் பெரும்பாலும் வெளித்தகட்டில், வாஷர் விளிம்பை ஒட்டித் தொடங்கும். பேக்கில் பல தகடுகள் இருப்பதால் ஒன்று போனதும் எல்லாம் போவதில்லை. தகடுகள் நடுவில் வளைந்து பிதுங்கியிருந்தால் டார்க் மீறியிருக்கிறது. பேக் முழுவதுமே குடைபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஷாஃப்ட் முனைகளுக்கு இடையேயான தூரம் தவறாக வைக்கப்பட்டிருக்கிறது.

பேக் முழுதாக அறுந்தால் விளைவு மோசம். எடையுள்ள ஸ்பேசர் வட்டத்தை விட்டு வெளியேறிக் கார்டைக் கிழிக்கும். ஆகவே பேக் அறுந்தாலும் ஸ்பேசரை ஹப்பின் உள்வளையம் பிடித்துவைக்கும் அமைப்பு இல்லாத டிஸ்க் கப்ளிங்கை அபாயப் பகுதிக்கு வாங்காதீர்கள். இன்னொரு விஷயம்: டிஸ்க் கப்ளிங் முழுக்க உலோகம், மின்சாரம் கடத்தும். விஎஃப்டி (வேகத்தை மாற்றும் மின்கருவி) வைத்த மோட்டாரில் ஷாஃப்ட் மின்னோட்டம் பம்பின் பேரிங் வழியே இறங்கலாம். மின்காப்பு செய்த ஸ்பேசர் போட்டால் அந்தப் பாதை அடைபடும். அப்போது இரு பக்கமும் தனித்தனியாக எர்த் ஆகியிருப்பதை அளந்து உறுதிசெய்ய வேண்டும்.

கியரும் கிரிட்டும்

பற்கள் கோர்க்கும் கியர் வகையும் நெளி எஃகுப் பட்டை கோர்க்கும் கிரிட் வகையும் பெரிய டார்க், குறைந்த வேகம், கிரீஸ் வைக்க ஆள் உண்டு என்றால் மட்டும். கிரீஸ் வற்றினால் பல் சூடேறும். சாதாரண பேரிங் கிரீஸ் சுழல் விசையில் எண்ணெயும் சோப்புமாகப் பிரிந்துவிடும், கப்ளிங்குக்கென்றே உள்ள கிரீஸ் வேண்டும். தூசி மண்டலத்தில் சீல் கசிந்து கிரீஸும் தூசியும் சேர்ந்து ஹப்பின் மேல் போர்வையாகப் படியும். சூடு வெளியேற வழி இருக்காது. 5 மி.மீ. தூசிப் படலம் எந்த வெப்பத்தில் பற்றுமோ, அதைவிட மேற்பரப்பு 75 டிகிரி குறைவாக இருக்க வேண்டும் என்ற விதியை அந்தப் போர்வை எளிதில் மீறவைக்கும்.

எங்கள் தேர்வு: மண்டலம் 1, அதிலும் ஐஐசி என்றால் ஸ்பேசர் பிடிப்புள்ள டிஸ்க். மண்டலம் 2-இல் சிறிய பம்புக்கு, ஆய்வு தவறாது என்றால், ஜா போதும். அலைன்மென்ட் நிலைக்காத அடித்தளமும் பம்பு நின்றால் பாதகமில்லாத வேலையும் சேர்ந்தால் டயர்.

பொருத்தும்போது

மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிக் குறியிடுவது, வாயு அளப்பது, வேலை அனுமதி பெறுவது ஆகியவற்றோடு பம்பின் வால்வுகளையும் மூடுங்கள். திரும்பி வரும் திரவம் பம்பைப் பின்னோக்கிச் சுற்றும். ஐஐசி வாயு இருக்கும் மண்டலம் 1-இல் ஒற்றைப் பொறி எழுப்பும் எஃகு ஸ்பேனர்கூட, வாயு இல்லை என்று உறுதியாகும் வரை, கூடாது. அரைப்பதும் வெட்டுவதும் எந்த மண்டலத்திலும் அப்படியே.

ஹப்பைச் சூடாக்குவது பட்டறையில், இண்டக்ஷன் ஹீட்டரில். 60 மி.மீ. துளை 100 டிகிரி ஏறினால் 0.072 மி.மீ. விரியும். எச்7 துளைக்கும் பி6 ஷாஃப்டுக்கும் (இரண்டும் அளவு வரம்புக் குறிகள்) உச்ச இறுக்கம் 0.051 மி.மீ., ஆக நழுவிப் போக 0.02 மிஞ்சும். ஆறும் வரை ஸ்பைடரை அருகில் கொண்டுவராதீர்கள்.

டிஸ்க் பேக்கில் போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் சுற்றுங்கள். போல்ட்டைச் சுற்றினால் துளைச் சுவர் கீறும், டார்க் ரெஞ்ச் காட்டுவதும் உண்மையாக இருக்காது. லாக்நட்டை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

அலைன்மென்டுக்கு டயல் கேஜ் என்றால் அதில் மின்சாரமே இல்லை. லேசர் என்றால் அந்த மண்டலத்துக்கான குறி இருக்க வேண்டும், அல்லது வேலை அனுமதியில் எழுதியிருக்க வேண்டும். முதலில் சாஃப்ட் ஃபுட் (பாதம் அடித்தளத்தில் சரியாக உட்காராத இடைவெளி) 0.05 மி.மீ.க்குள் வரட்டும். கேட்லாக் தரும் கோணப் பிசகும் இணைப் பிசகும் ஒரே நேரத்தில் முழுதாகக் கிடைக்காது. ஒன்றில் பாதியைச் செலவழித்தால் மற்றதிலும் பாதிதான் மிச்சம். சூட்டில் எழும்புவதையும் சேருங்கள்: 400 மி.மீ. உயரமுள்ள பம்புத் தாங்கி 60 டிகிரி ஏறினால் ஷாஃப்ட் 0.29 மி.மீ. மேலே போகும்.

ஓட்டத்தில்

ஜா கப்ளிங்குகளுக்குக் கையேடுகளில் காணும் ஒரு கால அட்டவணை: முதல் ஆய்வு 3000 மணி அல்லது 6 மாதம், தேய்மானம் குறைவென்றால் அடுத்தது 6000 மணி அல்லது 18 மாதம். ஐஐசியில் இதுவே 2000 மணி அல்லது 3 மாதம், பிறகு 4000 மணி அல்லது 12 மாதம். உங்கள் கப்ளிங்கின் கையேடு வேறு சொன்னால் அதுவே செல்லும். ஒரு ஹப்பைச் சுழலும் திசையில் தள்ளிப் பல்லை ஸ்பைடரோடு ஒட்டவைத்து, எதிர்ப்பக்க இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, அந்த அளவுக்கான வரம்போடு ஒப்பிடுங்கள்.

நிறுத்தாமலே பார்க்க ஒரு வழி: பொருத்தும் நாளில் இரண்டு ஹப்புகளின் மேலும் ஒரே நேர்கோட்டில் மெல்லிய பெயிண்ட் கோடு. அந்த மண்டலத்துக்கான ஸ்ட்ரோப் விளக்கில் (சுழல்வதை நிற்பதுபோலக் காட்டும் விளக்கு), அதே சுமையில் பார்க்கும்போது, கோடு மாதா மாதம் விலகிக்கொண்டே போனால் ஸ்பைடர் போகிறது. கோடு மட்டும் போதும், ஹப் முழுக்கத் தடிமனாகப் பெயிண்ட் அடிக்காதீர்கள். ஐஐசியில் மின்கடத்தாப் பூச்சு 0.2 மி.மீ.யைத் தாண்டக் கூடாது.

கடைசியாகக் கார்டு. சுற்றும் பாகத்திலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மி.மீ. தள்ளி, அடித்தளத்தோடு எர்த் இணைத்து, தூசி தங்காமல் விழும்படி, திறந்து துடைக்கும்படி இருக்க வேண்டும். கார்டை மாட்டியதும் கையால் ஷாஃப்டை ஒரு முழுச் சுற்று சுற்றி உரசும் சத்தம் இல்லை என்று கேட்ட பிறகு பூட்டை எடுங்கள்.