சேற்றுப்புண்: எந்த க்ரீம், எந்த பூட்ஸ், எந்த சாக்ஸ்?

ஜூனில் நீலகிரியின் கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை கால் காயாது. அது ஓய்ந்த கையோடு கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்கு மழை. கொழுந்து பறிப்பவர்கள், கேரட் கழுவுபவர்கள், நாள் முழுக்க கம்பூட்ஸில் (ரப்பர் பூட்ஸில்) நிற்பவர்கள் எல்லோருக்கும் கால் விரலிடுக்கில் அரிப்பு பழகிய விஷயம். "மழைக்கு வந்தது, வெயிலுக்குப் போயிடும்" என்று விடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பெயரில் சேறு இருந்தாலும் இது பெரும்பாலும் ட்ரைக்கோஃபைட்டான் வகைப் பூஞ்சையின் வேலை. தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் அதன் தீனி. சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில்தான் முதலில் பிடிக்கும். அங்கே காற்றுப் போக வழியில்லை. தோல் வெள்ளையாக ஊறி, உரித்தால் அடியில் சிவப்பாக ஒரு வெடிப்பு தெரியும். பயப்பட வேண்டியது அந்த வெடிப்புக்குத்தான். பூஞ்சை தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும். அது திறந்துவிட்ட வாசல் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் உள்ளே போகும். கணுக்காலுக்கு மேல் சூடாகச் சிவந்து வீங்கும், தொடை இடுக்கில் நெறி கட்டும், குளிர்காய்ச்சல் வரும். இதற்கு செல்லுலைட்டிஸ் என்று பெயர். திரும்பத் திரும்ப வந்தால் நிணநீர்க் குழாய்கள் கெட்டு, யானைக்கால் போல வீக்கம் நிரந்தரமாகத் தங்கிவிடும். சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமல் இதெல்லாம் நடக்கலாம்.

க்ரீம்களைப் பார்ப்போம். மருந்துக் கடையில் போட்டி பெரும்பாலும் க்ளோட்ரிமசோல் 1 சதவீதத்துக்கும் டெர்பினஃபின் 1 சதவீதத்துக்கும்தான். க்ளோட்ரிமசோல் விலை குறைவு, பூஞ்சையை வளரவிடாமல் பிடித்து வைக்கும். காலை, மாலை என்று 4 வாரம் போட வேண்டும். டெர்பினஃபின் பூஞ்சையைக் கொல்லும். விரலிடுக்குப் புண்ணுக்கு 1 வாரம் போதும் என்பதே நெடுநாள் கணக்கு. ஆனால் டெர்பினஃபினுக்கு அசையாத பூஞ்சை இந்தியாவில் பரவியிருக்கிறது. அது அதிகம் பிடிப்பது உடம்பிலும் தொடை இடுக்கிலும் என்றாலும், 2 வாரம் போட்டும் அசையவில்லை என்றால் இன்னொரு ட்யூபை வாங்காமல் டாக்டரிடம் காட்டுவதே சரி.

எங்கள் கணக்கில் இந்த இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் ட்யூபின் அளவில் இருக்கிறது. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரண்டு காலின் விரலிடுக்குகளுக்கும் சேர்த்து அவ்வளவு போதும், புண்ணைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவினால்கூட. தினம் இரண்டு வேளை என்றால் 1 கிராம். 15 கிராம் ட்யூப் 15 நாளில் காலி. டெர்பினஃபின் அதற்குள் வேலையை முடித்துவிடும். க்ளோட்ரிமசோலுக்கு அது பாதிவழிதான், அரிப்பு மட்டும் நின்றிருக்கும். இரண்டாவது ட்யூப் யாரும் வாங்குவதில்லை. அடுத்த மழைக்குப் புண் அதே இடத்தில் திரும்புகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று பழி க்ளோட்ரிமசோல் மேல் விழும். க்ளோட்ரிமசோல் எடுப்பதானால் முதல் நாளே இரண்டு ட்யூப் வாங்குங்கள். இல்லையென்றால் கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்து டெர்பினஃபின்.

மூன்றாவதாக ஒன்று கடைக்காரர் கையிலிருந்து வரும்: பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு எல்லாம் ஒரே ட்யூபில். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், அதனால்தான் இதற்கு இவ்வளவு மவுசு. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்குகிறது, பூஞ்சை சத்தமில்லாமல் பரவுகிறது. வட்டமான விளிம்பும் செதிலும் மறைந்துபோவதால் பிறகு டாக்டரே பார்த்தாலும் சட்டென அடையாளம் தெரியாது. தோலும் மெலிந்து, வெடிப்பு ஆழமாகும். 2018-இல் மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. கேட்காமலே கையில் கொடுத்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள்.

நீர் வடியும் புண்ணுக்கு க்ரீம் முதல் ஆயுதம் இல்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் 2, 3 நாள் பாதத்தை ஊறவைத்து, வடிதல் நின்ற பின் க்ரீமுக்கு வரலாம். அளவு 1-க்கு 10,000: 400 மி.கி. மாத்திரை ஒன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர். நிறம் வெளிறிய ரோஸ். ஊதாவாக இருந்தால் தோலைச் சுடும். கரையாத துகள் ஒன்று பட்டாலும் அந்த இடம் வெந்துபோகும், அதனால் முழுக்கக் கரையும்வரை கால் வைக்கக் கூடாது. 10, 15 நிமிடம் போதும். நகம் பழுப்பாகும், டப்பும் கறையாகும். பச்சை நிறமாகச் சீழ் தெரிந்தாலோ கெட்ட வாடை அடித்தாலோ அது பாக்டீரியா, வீட்டு வைத்தியத்தின் எல்லை தாண்டிவிட்டது.

உள்ளங்கால் முழுக்க மாவு பூசியதுபோல ரேகைகளில் செதில் நிற்கும் வறண்ட வகை வேறு. பலர் இதைப் பித்தவெடிப்பு என்று நினைத்து வருஷக்கணக்கில் வாசலினோடு விடுகிறார்கள். இங்கே பழைய விட்ஃபீல்டு களிம்பு (பென்சாயிக் அமிலம் 6, சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம்) நன்றாக உதவும், தடித்த தோலை உரித்துத் தரும். அதையே ஊறிய விரலிடுக்கில் போட்டால் உயிர் போகிற எரிச்சல். டிசம்பர், ஜனவரி உறைபனியில் விரல்களின் மேற்புறம் ஊதாச் சிவப்பாகத் தடித்து, அடுப்பருகே உட்கார்ந்ததும் அரிப்பெடுப்பது பூஞ்சையே இல்லை, குளிரால் வருவது. அதற்கு இந்த ட்யூப் எதுவும் பயன்படாது.

வீட்டு வைத்தியத்தில் ஊருக்கு உரியது நீலகிரித் தைலம். தலைவலிக்கும் மூக்கடைப்புக்கும் இருக்கட்டும். வெடித்த தோலில் அப்படியே விட்டால் எரிச்சலும் அலர்ஜியும்தான் மிச்சம். டீ ட்ரீ ஆயில் வேறு சரக்கு, அதற்கும் நம் தேயிலைக்கும் உறவு கிடையாது. 10 சதவீத டீ ட்ரீ க்ரீம் அரிப்பைக் குறைத்தது, பூஞ்சையை ஒழிக்கவில்லை என்பதே சோதனையில் தெரிந்தது. பழனி மலைப் பக்கம் பூண்டை அரைத்து வைப்பதுண்டு. பூண்டுச் சத்துக்குப் பூஞ்சையை எதிர்க்கும் குணம் உண்டுதான், ஆனால் பச்சை விழுதைக் கட்டி வைத்தால் கொப்புளம் வரும். மருதாணியில் எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு: அதன் நிறத்தில், சிவப்பு பரவுகிறதா என்று பார்க்க முடியாமல் போகிறது. மண்ணெண்ணெய் பேச்சுக்கே இடமில்லை.

இனி தடுப்பு. அட்டைப்பூச்சி இருக்கும் தோட்டத்தில் செருப்புப் போடுங்கள் என்று சொல்பவர் தோட்டம் பார்த்திராதவர். கம்பூட்ஸ்தான், வேறு வழியில்லை. பூட்ஸை உள்ளிருந்து நனைப்பது மழையைவிட வியர்வை அதிகம். இரண்டு ஜோடி மாற்றிப் போட முடிந்தால் நல்லது. ஒன்றே என்றால் சாயங்காலம் உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துப் புதுத்தாள் மாற்றித் திணியுங்கள். அடுப்பருகே வைத்தால் பூட்ஸ் கெட்டிப்பட்டு, கணுக்கால் மடிப்பில் கீறும். பிறகு வெளித்தண்ணீரும் உள்ளே வரும். பவுடரை ஈரக்காலில் தூவினால் உருண்டு உருண்டு நிற்கும், அதுவே உரசும். துடைத்து உலர்ந்த பின் காலிலும், பூட்ஸுக்குள்ளும் தூவ வேண்டும். பவுடர் தடுப்புக்கு, க்ரீம் சிகிச்சைக்கு.

சாக்ஸில் பருத்தியே சிறந்தது என்பது சமவெளிப் புத்திசாலித்தனம். பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், மழைமாதத்தில் கொடியில் மூன்று நாள் தொங்கினாலும் காயாது. மதியம் மாற்ற ஒரு ஜோடி கையில் இருந்தால் பருத்தி சரி. இல்லையென்றால் சீக்கிரம் காயும் பாலியஸ்டர் கலப்போ கம்பளியோ மேல்.

துவைப்பதில்தான் பலருக்குப் பிசகுகிறது. பூஞ்சை சாக ஏறக்குறைய 60 டிகிரி வேண்டும், 40 போதாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் கொதிப்பதே 92, 93 டிகிரியில். பாதிக்குப் பாதி பச்சைத்தண்ணீர் கலந்தால் 55-ஐத் தொடாது. கொதிநீர் இரண்டு பங்கு, குளிர்நீர் ஒரு பங்கு ஊற்றி, சாக்ஸை அமிழ்த்தி, பக்கெட்டை மூடி 45 நிமிடம் விடுங்கள். பக்கெட்டும் துணியும் உறிஞ்சும் சூடு போக 60-ஐ ஒட்டி நிற்கும். கம்பளி இந்தச் சூட்டில் சுருங்கிவிடும் என்பதால் பாலியஸ்டரே வசதி.

கால் விரலிடுக்குக்கு ஒரு துண்டு, உடம்புக்கு வேறு துண்டு. காலையில் உள்ளாடைக்கு முன்பே சாக்ஸ் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் காலில் இருக்கும் பூஞ்சை துணியோடு ஏறித் தொடை இடுக்கில் படர்தாமரையாக வரும். கால் சிவந்து சூடாக இருந்தால் சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. சர்க்கரை இருந்தால் கோட்டுக்கே காத்திருக்க வேண்டாம்.