பத்து ரூபாய் லைட்டருக்கு எதிராகத் தீப்பெட்டித் தொழில்: எந்தத் தடுப்பு எவ்வளவு தாங்கும்?

ஒரு பிளாஸ்டிக் லைட்டர் இருபது தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று 2022 செப்டம்பரில் தமிழக முதல்வர் மத்திய அரசுக்கு எழுதினார். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இறக்குமதியாகும் லைட்டருக்கு எதிராக அரசிடம் எந்தத் தடுப்பைக் கேட்பது என்பதில்தான் குழப்பம். ஒவ்வொன்றும் வேறு சட்டம், வேறு ஓட்டை.

சுங்க வரியை உயர்த்துவது. அடிக்கடி எழும் கோரிக்கை இதுதான். பயன் மிகக் குறைவு. துறைமுகத்தில் ஒரு லைட்டரின் மதிப்பு 6 ரூபாய், வரி 10% என்று வைத்துக்கொள்வோம். வரி 60 காசு, அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி 6 காசு. வரியை 20% ஆக்கினாலும் கூடுவது 66 காசுதான். கடையில் பத்து ரூபாய்க்கு விற்கும் பொருளில் அதை வியாபாரியே தாங்கிக்கொள்வார்.

குறைந்தபட்ச இறக்குமதி விலை. 2023 ஜூன் இறுதியில் வந்தது இது. சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்த்து ஒரு லைட்டர் 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் இறக்குமதிக்குத் தடை. மலிவு லைட்டரை ஒரே அடியில் வெளியே நிறுத்தியது. விசாரணை, காத்திருப்பு எதுவும் இல்லை. அதனாலேயே இதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

பலவீனங்களும் உண்டு. முதலாவது, போலி இன்வாய்ஸ். 6 ரூபாய் சரக்குக்கு 20 ரூபாய் என்று பில் போட்டால் அதே 10% கணக்கில் வரி 66 காசிலிருந்து 2 ரூபாய் 20 காசாகிறது. கூடுதலாக அனுப்பிய 14 ரூபாய் வேறு வழியில் திரும்பி வந்துவிட்டால், தடையைத் தாண்ட ஆகும் செலவு ஏறத்தாழ 1 ரூபாய் 54 காசுதான். இரண்டாவது, 20 ரூபாய் என்பது ரூபாயில் நிற்கும் எண். டாலர் ஏற ஏற அதே லைட்டரின் ரூபாய் மதிப்பு தானாக உயரும். தடுப்பு ஆண்டுக்காண்டு தேயும்.

மூன்றாவது ஓட்டை உதிரிபாகம். உடல், வால்வு, உரசு சக்கரம், கல், ஸ்பிரிங் என்று தனித்தனியாக இறக்கி, இங்கே ஒரு சின்ன ஷெட்டில் பூட்டி, கேஸ் நிரப்பினால் லைட்டர் தயார். 9613 10, 9613 20 என்ற சுங்க எண்களில் நின்ற விலைத் தடை, 9613 90 என்ற உதிரிபாக எண்ணைத் தொடவில்லை. அதை அடைக்கத்தான் 2024 அக்டோபரில் பாக்கெட் லைட்டர் உதிரிபாகங்களுக்கும் தடை வந்தது.

குவிப்புத் தடுப்பு வரியா, பாதுகாப்பு வரியா? இரண்டையும் ஒன்றாக நினைத்து மனு எழுதுவது பெரிய தவறு. குவிப்புத் தடுப்பு வரி என்பது, வெளிநாட்டார் தங்கள் நாட்டு விலையைவிடக் குறைத்து இங்கே விற்பதற்கு எதிரானது. பாதுகாப்பு வரி, இறக்குமதி பெருகி உள்நாட்டுத் தொழில் பாதிக்கப்படும்போது போடுவது. குவிப்புத் தடுப்பு வரி கேட்க, அதே வகைப் பொருளை உள்நாட்டில் தயாரிப்பவராக இருக்க வேண்டும். தீப்பெட்டி லைட்டரின் அதே வகைப் பொருள் அல்ல. ஆகவே தீப்பெட்டி ஆலைக்கு அங்கே மனுதாரர் தகுதியே கிடைக்காது.

பாதுகாப்பு வரிக்கான சட்டம் ‘நேரடியாகப் போட்டியிடும் பொருள்’ என்பதையும் சேர்த்தே சொல்கிறது. தீப்பெட்டிக்குத் திறக்கக்கூடிய கதவு அதுதான். குறைவிலைக்கு விற்கிறார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இறக்குமதி பெருகியதும், அதனால் கடும் பாதிப்பு வந்ததும் காட்டினால் போதும். தடங்கல் வேறிடத்தில்: பாதிப்பைத் தொழில் முழுவதற்கும், அல்லது உற்பத்தியின் பெரும்பங்குக்காவது, எண்களால் காட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் சிதறிக் கிடக்கும் தொழிலில் அந்த எண்கள் ஓரிடத்தில் இல்லை.

தரக்கட்டுப்பாட்டு ஆணை. நீடித்து நிற்கக்கூடியது என்று பார்த்தால் இதற்கே முதலிடம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்க முடியாது. வெளிநாட்டு ஆலையும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) உரிமம் வாங்க வேண்டும். லைட்டருக்கான ஐ.எஸ்.ஓ. 9994 தரநிலை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கிறது, 65 டிகிரி வெப்பத்தில் வைத்துப் பார்க்கிறது. மலிவுச் சரக்கு இங்கேதான் தடுமாறும். இன்வாய்ஸில் எண்ணை மாற்றி இதைத் தாண்ட முடியாது. உலக வர்த்தக விதிகளின்படியும், இறக்குமதித் தடையைவிடப் பாதுகாப்புத் தரத்தை நியாயப்படுத்துவது எளிது. ஆனால் தரம் உள்ள லைட்டரை இது தடுக்காது. உள்நாட்டிலேயே முழுதாகச் செய்த லைட்டரை மேலே சொன்ன எந்த இறக்குமதித் தடையும் தொடாது.

ஆகவே விலைத் தடையில் 20 ரூபாயை அவ்வப்போது திருத்தக் கேட்க வேண்டும். தர ஆணையைக் கடைத்தெரு வரை அமல்படுத்தக் கேட்க வேண்டும். பாதுகாப்பு வரிக்கு இப்போதே எண் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஆலையும் மாதாமாதம் எழுதி வைக்க வேண்டியவை: உற்பத்தியான பண்டல், விற்ற பண்டல், பண்டல் விலை, தேங்கிய இருப்பு, ஆலை ஓடிய நாட்கள், வேலைக்கு வந்தவர் எண்ணிக்கை, லாப நட்டம். குறைந்தது மூன்று ஆண்டுக் கணக்கு வேண்டும். விற்ற பண்டல் கணக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்னோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கை வைக்கும் முதல் இடம் அதுதான்.