டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் செட்டா, இன்வெர்ட்டரா?

மதுரை அருகே கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் புதிதாகப் பட்டறை தொடங்குவோரில் பலர் இவ்விரு வகை வெல்டிங் இயந்திரங்களுக்கும் இடையில் தயங்குகிறார்கள்.

எடை: டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலேயே இயங்குவதால் அதற்குக் கனத்த இரும்பு உள்ளகம் தேவைப்படுகிறது. இன்வெர்ட்டரோ அதிர்வெண்ணைப் பல்லாயிரம் ஹெர்ட்ஸுக்கு உயர்த்திய பின்பே மின்னழுத்தத்தைக் குறைப்பதால், தோளில் மாட்டிக்கொண்டு மாடியேறும் அளவுக்குச் சிறியதாகிறது.

மின்செலவு: இன்வெர்ட்டருக்கே குறைவு.

ஆர்க் (ராடு முனையில் எரியும் மின்பொறி): டிரான்ஸ்ஃபார்மரின் ஏசி மின்சாரத்தில், பொது வேலைக்கான 6013 வெல்டிங் ராடு நன்றாக எரியும், உறுதியான இணைப்புக்கான 7018 ராடு சற்று முரண்டு பிடிக்கும். இன்வெர்ட்டரின் டிசி மின்சாரத்தில் இரண்டுமே சீராக ஓடும்.

உழைப்பு: கடைக்காரர்கள் அதிகம் பேசாத இடம் இதுதான். கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத் தூளை இன்வெர்ட்டரின் விசிறி உள்ளே இழுத்து மின்னணுப் பலகையில் படியவைக்கிறது. அவ்வப்போது காற்றடித்துச் சுத்தம் செய்யாவிட்டால் பலகை எரிந்துபோகும், அதை மாற்றும் செலவும் சிறியதன்று. டிரான்ஸ்ஃபார்மரில் காயில் எரிந்தாலும், மோட்டார் காயில் கட்டுபவரே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்.

மேலூர், உசிலம்பட்டி என்று வீடு வீடாகச் சென்று கிரில், கைப்பிடி பொருத்துவோருக்கு இன்வெர்ட்டரே ஏற்றது. ஒரே இடத்தில் தூசிக்கு நடுவே டிராக்டர் டிரெய்லர் கட்டுவோர் டிரான்ஸ்ஃபார்மரையே வாங்கலாம்.