ஊரைக் கேட்டது, தரையைக் கேட்கவில்லை

நண்பர் ஒருவர் வீட்டுத் தரையை மாற்றப் போகிறார். "நீ அப்போது ஏதோ ஒரு செலவுக் கணிப்பான் பயன்படுத்தினாயே, அதை நம்பலாமா?" என்று நேற்றுக் கேட்டார். பாவம், கேட்ட நேரம் சரியில்லை. நடையில் விரிசல் விட்ட டைல்ஸ் ஒன்றைப் பெயர்த்து மாற்றி இரண்டு நாள்தான் ஆகிறது. வீட்டில் இன்னும் சிமெண்டுத் தூசு பறக்கிறது. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

பரப்பளவும் அஞ்சல் குறியீடும் கொடுத்தால், அந்த வட்டாரத்துக் கூலி, பொருள் விலையை வைத்து மொத்தச் செலவைச் சொல்லும் இணையக் கணிப்பான் அது. ஐந்து வருடங்களுக்கு முன் அதை வைத்துத்தான் திட்டம் போட்டேன். 640 சதுர அடி, இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைடு டைல்ஸ்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூலியைக் கிட்டத்தட்டச் சரியாகவே சொன்னது. மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்டேன். சதுர அடிக்கு அது சொன்ன கூலியை ஒட்டியே மூவரும் சொன்னார்கள். நான்காவதாக ஒருவர் ஒன்றரை மடங்கு கேட்டபோது, தயங்காமல் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது அந்த எண் கையில் இருந்ததால்தான்.

ஆனால் வேலை முடிந்தபோது செலவு மதிப்பீட்டைவிட 37 சதவீதம் கூடியிருந்தது. கூலி ஏறவில்லை, டைல்ஸ் விலையும் ஏறவில்லை. கணிப்பான் கேட்காமல் விட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் பணம் கொடுத்தேன்.

எந்த ஊர் என்று கேட்டது. எந்த மாடி என்று கேட்கவில்லை. டைல்ஸ் ஒரு பெட்டியில் நான்கு கல், எடை ஏறத்தாழ 28 கிலோ. 46 பெட்டி என்றால் 1,250 கிலோவுக்கும் மேல். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏற்றுகூலி தனி. பெயர்த்த பழைய தரையை இறக்கி அப்புறப்படுத்தியது இன்னொரு தனி.

பரப்பளவைக் கேட்டது, எத்தனை அறை என்று கேட்கவில்லை. 400 சதுர அடி ஒரே சதுரக் கூடமாக இருந்தால் சுவரோரம் 80 அடி. அதையே பத்துக்குப் பத்தாக நான்கு அறைகளாகப் பிரித்தால் 160 அடி. சுவரடியில் ஓடும் பட்டையை, அதாவது ஸ்கர்ட்டிங்கை, போடுகிறவர் பரப்பளவுக்கா கணக்குப் போடுவார்? நீளத்துக்கு, ஓட்ட அடிக் கணக்கில்தான் போடுவார். என் வீட்டில் அறைகள் சின்னச் சின்னதாக இருக்கின்றன. புதுத் தரை உயர்ந்ததால் கதவுகளின் அடியை இழைக்க வேண்டி வந்ததைச் சொல்லப் போவதில்லை. அது சின்னச் செலவு.

பெரிய அடி தரை மட்டத்தில் விழுந்தது. இந்த அளவுக் கல்லுக்கு அடித்தளம் மூன்று மீட்டர் நீளத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. கொத்தனார் கூடத்தில் மட்டப்பலகையை வைத்தார். அதன் அடியில் என் சுண்டுவிரல் தாராளமாகப் போய் வந்தது. அளந்தால் 14 மில்லிமீட்டர். முதலில் மட்டப்படுத்த வேண்டும் என்றார். மதிப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், "அடித்தளச் சீரமைப்பு சேர்க்கப்படவில்லை" என்று இருந்தது. ஆக, சொல்லவில்லை என்று குற்றம் சாட்ட முடியாது. நான் படிக்கவில்லை. இருந்தாலும், முதல் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசி வரியில் ஒளித்து வைப்பதற்குப் பெயர் நேர்மை அல்ல, முன்ஜாமீன்.

கூடத்தை மட்டப்படுத்தியதிலேயே கையிருப்பு கரைந்துவிட்டது. நடையை அப்படியே விட்டுவிடலாம், பசையைக் கூட்டிக் குறைத்துச் சமாளியுங்கள் என்று சொன்னவன் நான்தான். கொத்தனார் முகத்தைச் சுளித்தார், ஆனால் செய்தார். பல் வைத்த கரணையால் முழுக்க இழுத்துப் பூசாமல், நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்தினார். அன்று முதல் நடையில் ஆறேழு கற்கள் நடக்கும்போதெல்லாம் 'டொக்' என்கின்றன. விருந்தினர் யாருக்கும் கேட்பதில்லை. எனக்கு மட்டும் ஐந்து வருடமாகக் கேட்கிறது. இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அந்தக் கற்களைத் தாண்டியே கால் வைக்கிறேன்.

போன வாரம் அதில் ஒன்றின்மேல் இரும்புச் சட்டி விழுந்தது. குறுக்கே விரிசல். பெயர்த்துப் புரட்டினால் முதுகில் ஐந்து வட்டக் கறைகள், மற்ற இடமெல்லாம் வெறுமை. நனையாத அறைகளில் கல்லின் பின்புறம் குறைந்தது 80 சதவீதமாவது பசை பிடித்திருக்க வேண்டும், குளியலறையில் 95. இதில் பாதிகூட இல்லை.

இந்த இடத்தில்தான் கணிப்பான் என்னை மடக்கியது. 640 சதுர அடிக்கு 42 பெட்டியே போதும் என்றார் கடைக்காரர். கணிப்பான் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 46 என்றது. பெட்டி விற்கத் தந்திரம் என்று திட்டிக்கொண்டேதான் வாங்கினேன். வெட்டியது உடைந்தது போக ஐந்து கற்கள் மிஞ்சின. கட்டிலுக்கு அடியில் கிடந்த அவற்றின்மேல் ஐந்து வருடம் கால் இடித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி இப்போது கடையில் இல்லை. இருந்தாலும் வேறு பேட்ச் என்றால் நிறம் ஒரு சாயல் தப்பும். அந்த ஐந்து கல் மட்டும் இல்லையென்றால் முழு நடையையும் பெயர்த்திருக்க வேண்டும். மாற்றிய கல் எது என்று இப்போது எனக்கே தேடித்தான் தெரிகிறது.

நண்பருக்குச் சொன்னது இவ்வளவுதான்: கூலியையும் பெட்டிக் கணக்கையும் அதனிடம் கேள், நம்பு. பிறகு மட்டப்பலகை ஒன்றை வாங்கிக்கொண்டு அறை அறையாகப் போ.

மதிப்பெண்ணா? ஐந்துக்கு இரண்டு. இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு இரண்டுதானா என்றால், ஆமாம், இரண்டுதான். புதுக் கல்லைச் சற்றுமுன் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. சும்மா இருக்காமல் பக்கத்துக் கல்லையும் தட்டினேன். டொக். கட்டிலுக்கு அடியில் இன்னும் நான்கு இருக்கின்றன.