இன்சூரன்ஸ் இல்லாத கார், தேர்ட் பார்ட்டி, ஃபுல் கவர்: விபத்து நடந்தால் பணம் யார் கட்டுவது?

2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி, 1,200 சி.சி. கார் ஒன்றுக்குத் தேர்ட் பார்ட்டி (நம் கார் மற்றவருக்கு ஏற்படுத்தும் பாதிப்புக்கான காப்பீடு) பிரீமியம் ஆண்டுக்கு 3,416 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4,031. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை அபராதம் 2,000. இந்த இரண்டு தொகையையும் மட்டும் வைத்துக்கொண்டு, ‘மாட்டினால் ஃபைன் கட்டிக்கொள்ளலாம், அதுவே லாபம்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் விபத்து இல்லை. அதைச் சேர்த்துப் பார்த்தால், கார் வைத்திருப்பவர் முன்னால் இருக்கும் மூன்று வழிகளும் எவ்வளவு தூரம் விலகிப் போகின்றன என்பது தெரியும்.

முதலில் சட்டம் சொல்லும் தண்டனை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவுப்படி, தேர்ட் பார்ட்டி காப்பீடு இல்லாத வண்டி பொது இடத்தில் ஓடக்கூடாது. மீறினால் 196-ஆவது பிரிவு பாயும்: 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் அபராதம் 4,000. 2019 செப்டம்பர் 1 வரை இது வெறும் 1,000 ரூபாயாக இருந்தது. ஓட்டியவர் மட்டும் இதில் மாட்டுவதில்லை. காப்பீடு இல்லாத காரை ஓட்டக் கொடுத்தவரும் மாட்டுவார். ‘கொஞ்சம் சாவி கொடு, வந்துடறேன்’ என்று நண்பர் கேட்டுக் கொடுத்தாலும் அப்படித்தான்.

இன்சூரன்ஸே இல்லை என்றால்

காப்பீடு இல்லாத கார் ஒன்று பைக்கில் மோதி, பைக்கில் வந்தவர் இறந்துவிடுகிறார், தவறு முழுக்கக் கார்க்காரர் மேல் என்று வைத்துக்கொள்வோம். இறந்தவருக்கு வயது 34. சொந்தமாகத் தொழில் செய்து மாதம் 20,000 சம்பாதித்தவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தார்கள்.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இதை மனம்போன போக்கில் முடிவு செய்வதில்லை. 2009-இல் சர்ளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த வாய்பாடு இருக்கிறது. 40 வயதுக்குக் கீழே, சொந்தத் தொழில் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள்: 28,000. நான்கு பேர் சார்ந்திருப்பதால் அவருடைய சொந்தச் செலவாக நான்கில் ஒரு பங்கைக் கழிப்பார்கள்: 21,000. ஆண்டுக்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கெண் 16. ஆக 40,32,000 ரூபாய். இதோடு துணையை, தந்தையை, மகனை இழந்ததற்கான தொகை, சொத்திழப்பு, ஈமச்செலவு எல்லாம் சேர்ந்தால் 42 லட்சத்தைத் தாண்டும். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள். வழக்கு நான்கு வருடம் இழுத்தால் வட்டி மட்டும் 12 லட்சத்துக்கு மேல்.

இந்தத் தொகை முழுவதும் கார் உரிமையாளர் தலையில்தான் விழும். கட்டாவிட்டால் 174-ஆவது பிரிவுப்படி தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்பலாம். அவர் நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல வசூலிப்பார். வீடு, நிலம் எல்லாமே அந்த வசூலின் எல்லைக்குள் வரும். இறந்தவருடைய குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் இன்னும் கொடுமை. தீர்ப்பு கையில் இருக்கும். ஆனால் கட்ட வழியில்லாத ஒருவரின் பின்னால் வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். கட்டாயக் காப்பீடு வந்ததே இவர்களுக்காகத்தான்.

காரின் கதி என்ன? விபத்து வழக்கில் பிடிபடும் வண்டியை, வாகன ஆய்வாளர் பார்த்த பிறகு, காப்பீடு இருந்தால் நீதிமன்றத்தில் மனுப் போட்டு மீட்டுவிடலாம். இல்லாவிட்டால் இழப்பீட்டுக்கு ஈடாகப் போதுமான பிணைத்தொகை காட்டாமல் வண்டியை விடக்கூடாது; மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஏலம் விட்டு, வந்த பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். இந்த விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

குற்ற வழக்கு தனி. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் ஐந்து வருடம் வரை தண்டனை உண்டு. எந்த பாலிசி வைத்திருந்தாலும் அதிலிருந்து காக்காது.

தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தால்

மேலே சொன்ன 42 லட்சத்தையும் வட்டியையும் காப்பீட்டு நிறுவனம் கட்டும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் ஒரு கோடி என்றாலும் கட்டியாக வேண்டும். மற்றவருடைய சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் தனியார் கார்களுக்கு 7.5 லட்சம் என்று வரம்பு உண்டு. கொஞ்சம் பிரீமியம் குறைகிறது என்று அந்த வரம்பை 6,000 ரூபாய்க்கு இறக்கும் வசதியும் இருக்கிறது. உங்கள் பாலிசியில் அப்படி இறக்கியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இன்னொருவரின் விலையுயர்ந்த காரில் இடித்துவிட்டு 6,000-ஐ நீட்ட முடியாது.

அதோடு, கார் ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் சேர்ந்தே வரும். ஏற்கெனவே அந்த அளவுக்கு வேறு பாலிசி இருந்தால் தவிர்க்கலாம்.

இப்போது பலர் கவனிக்காத பெரிய ஓட்டை. காருக்குள் உட்கார்ந்திருக்கும் உங்கள் மனைவி, அம்மா, நண்பர் ஆகியோர் இந்த பாலிசியின் கண்ணில் ‘மூன்றாம் நபர்’ இல்லை. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச பாலிசி, கட்டணம் இல்லாமல் கூட வருகிறவரைக் காக்காது என்பதை 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது இருசக்கர வண்டியின் பின்சீட்டில் இருந்தவரைப் பற்றியது. காருக்கு 2012-இல் பாலகிருஷ்ணன் வழக்கில் கோடு தெளிவாகப் போடப்பட்டது: ‘ஆக்ட் பாலிசி’ (சட்டம் கேட்கும் தேர்ட் பார்ட்டி மட்டும்) என்றால் காருக்குள் இருப்பவர்களுக்குப் பொறுப்பில்லை, ‘பேக்கேஜ் பாலிசி’ (ஃபுல் கவர்) என்றால் உண்டு. அதாவது உங்கள் தவறால் கார் கவிழ்ந்து உடன் வந்த நண்பர் இறந்து, அவர் குடும்பம் வழக்குப் போட்டால், அந்த இழப்பீட்டைப் பொறுத்தவரை நீங்கள் காப்பீடே இல்லாதவரின் இடத்தில் நிற்பீர்கள்.

வெள்ளம், திருட்டு, தீ, உங்கள் காரின் சொந்தச் சேதம் எதற்கும் இதில் ஒரு பைசா கிடையாது.

ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்தால்

தேர்ட் பார்ட்டி பொறுப்பு முழுவதும் அப்படியே இருக்கும். உள்ளே பயணிப்பவர்களுக்கும் பாதுகாப்பு வரும். கூடவே சொந்தச் சேதமும். ‘ஃபுல்’ என்ற பெயரைப் பார்த்து முழுப் பணமும் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்கள், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் தேய்மானம் 50 சதவீதம், கண்ணாடிக்கு இல்லை, உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்து, பத்து வருடத்துக்கு மேல் 50 சதவீதம் வரை. 8,000 ரூபாய் பம்பர் மாற்றினால் 4,000 உங்கள் கைக்காசு, 1,500 சி.சி. வரையான காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. ‘பம்பர் டு பம்பர்’ என்கிற ஜீரோ டெப் சேர்த்தால் தேய்மானப் பிடித்தம் போகும். அந்தக் கட்டாயக் கழிவு போகாது.

சென்னைவாசிகள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நின்ற காருக்குள் மழைவெள்ளம் புகுந்து சேதமானால் கிளைம் உண்டு. தண்ணீர் வடிவதற்குள் ஸ்டார்ட் செய்து, இன்ஜினுக்குள் தண்ணீர் இழுத்து கனெக்டிங் ராட் வளைந்தால், இன்ஜின் புரொடெக்ட் என்கிற கூடுதல் கவர் இல்லாதவருக்கு அந்தச் செலவைத் தர மறுப்பார்கள். சாவியைத் தொடாமல் டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவதே வழி.

பாலிசி இருந்தும் இல்லாத நிலை

ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால், 2004-இல் ஸ்வரண் சிங் வழக்குக்குப் பிறகு, ‘கொடு, பிறகு வசூல் செய்துகொள்’ என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். நிறுவனம் குடும்பத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் திரும்பக் கேட்கும். பாதிக்கப்பட்டவருக்கு நிம்மதி, உரிமையாளருக்கு மறுபடியும் அதே 42 லட்சம். ஒயிட் போர்டு காரை வாடகைக்கு ஓட்டினாலும் இந்தச் சிக்கல்தான்.

தேதியும் அப்படியே. கார் பாலிசிக்குச் சலுகை நாட்கள் கிடையாது. கடைசி நாள் நள்ளிரவோடு பாதுகாப்பு முடிந்தது. காலையில் இடித்துவிட்டு மதியம் பாலிசி போட்டால் உதவாது. பாலிசியில் போட்டிருக்கும் நேரத்திலிருந்துதான் பொறுப்பு தொடங்கும். விட்டுப்போன பாலிசியைப் புதுப்பிக்கும்போது அந்தத் தொடக்க நேரம் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள். ஃபுல் கவர் என்றால் காரை ஆய்வு செய்த பிறகே தருவார்கள். 90 நாள் தாண்டினால் கிளைம் இல்லாத வருடங்களுக்காக 50 சதவீதம் வரை சேர்த்த பிரீமியம் தள்ளுபடியும் (என்.சி.பி.) போகும்.

2018 செப்டம்பர் முதல் புதுக்காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஷோரூமில் பெரும்பாலும் ஒரு வருட சொந்தச் சேதத்தோடு சேர்த்துத் தருவார்கள். மூன்றாம் வருட முடிவில் இரண்டும் ஒன்றாக முடியும். சொந்தச் சேதத்தை மட்டும் புதுப்பித்துவிட்டுத் தேர்ட் பார்ட்டியை மறப்பவர்கள் அங்கேதான் வழுக்குகிறார்கள். முதல் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனியாகத் தேதி இருக்கும், இரண்டையும் படியுங்கள்.

எந்தக் காருக்கு எது?

கடனில் இருக்கும் கார் என்றால் வங்கியே ஃபுல் கவர் கேட்கும், பேச்சில்லை. ஐந்து வருடத்துக்குள் ஜீரோ டெப்பும் சேர்க்கலாம். பத்து வருடம் தாண்டிய காருக்கு எல்லோரும் தேர்ட் பார்ட்டி போதும் என்பார்கள். குடும்பத்தோடு போகிற கார் என்றால் எங்கள் கருத்து வேறு: ஐ.டி.வி. (பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு) குறைந்திருப்பதால் சொந்தச் சேத பிரீமியமும் குறைவுதான். உள்ளே இருப்பவர்களுக்காகவாவது பேக்கேஜ் எடுங்கள். நிறுவனம் மறுத்தால், தேர்ட் பார்ட்டியோடு பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டைச் சேர்க்கலாம். ஆளுக்கு அதிகபட்சம் 2 லட்சம்தான். தீர்ப்பாயத் தொகைக்கு ஈடாகாது, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு மேல்.

காரை விற்றவர்களுக்கும் இது பொருந்தும். விற்றுப் பணம் வாங்கியாயிற்று, ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை, வாங்கியவர் இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் யார் மேலோ மோதிவிட்டார் என்றால், பதிவேட்டில் இருக்கும் பழைய உரிமையாளரே பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் கையில் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. விற்றவரும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவுபெற்ற டீலரிடம் விட்டால், வண்டியை ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் படிவம் 29சி ஆன்லைனில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்; உரிமையாளர் பெயர் மாறும்வரை பழைய பாலிசியை ரத்து செய்யாதீர்கள்.